தெளிஞ்சு கெடக்கான்

என் மேசையின் கடைசி இழுப்பறையில் ஒரு தாள் இருக்கிறது. அசல் மஞ்சள் நிறம். அது மருத்துவமனைக் கோப்புக்குள் கிடக்கிறது. என்னிடம் இருப்பது பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் எடுத்த வெள்ளை நகல். ஆனாலும் நினைக்கும்போதெல்லாம் அது மஞ்சளாகத்தான் கண்ணில் நிற்கிறது. நோயாளியின் படிவத்தை இப்படி நகலெடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பவனே நான்தான். பெயரும் ஊரும் இருந்த மேல் பகுதியைக் கத்தரித்து எறிந்துவிட்டேன். மீதியில் ‘உறவினர் கூற்று’ என்ற கட்டத்துக்குள் என் கையால் எழுதிய எட்டுச் சொற்கள் இருக்கின்றன: “மகன் தெளிவாக இருக்கிறார், கலக்கம் ஏதுமில்லை என்று தாயார் தெரிவித்தார்.” அதன் கீழே குறைவு, மிதம், அதிகம் என்று மூன்று சிறு கட்டங்கள். முதல் கட்டத்தில் ஒரு டிக், பள்ளிக்கூடத்தில் முழு மதிப்பெண்ணுக்குப் போடுவார்களே, அப்படி வால் நீண்டது. ஓரத்தில், வேறொரு பேனாவில், எழுத்து எழுத்தாகக் கோத்த ஒரு பெண்ணின் கையெழுத்து. அது பிறகு வாங்கப்பட்டது.

எங்கள் மாவட்டத்து மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் ஆலோசகராக இருக்கிறேன். எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். இந்தப் படிவம் வந்தபோது எனக்கு இந்த வேலையில் ஆறு ஆண்டு ஆகியிருந்தது. இளவயதில் மனநோய் கண்டு வருகிற பிள்ளைகளுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்தப் பிள்ளை தன் உயிருக்குத் தானே தீங்கு செய்துகொள்ளும் ஆபத்து எவ்வளவு என்று கேள்வி கேள்வியாகக் கேட்டு, கடைசியில் மூன்று கட்டங்களில் ஒன்றில் டிக் போட வேண்டும். குறைவு என்றால் அடுத்த மாதம் வரலாம். மிதம் என்றால் ஒரு வாரத்துக்குள் மறுபடி வர வேண்டும். நடுவில் நாங்கள் போனில் கூப்பிட்டுப் பேச வேண்டும். வீட்டில் எதையெல்லாம் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும் என்று பெற்றோரிடம் சொல்லியனுப்ப வேண்டும். அதிகம் என்றால் அன்றே படுக்கை, பக்கத்தில் எந்நேரமும் ஓர் ஆள். படிவம் ஆங்கிலத்தில் வந்தது. தமிழாக்கியவன் நான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து செய்தேன். நோயாளி தன் நோயைத் தானே உணர்ந்திருக்கிறாரா என்பதை டாக்டர்கள் ‘இன்சைட்’ என்பார்கள். அதற்குத் ‘தெளிவு’ என்று போட்டேன். உள்ளுக்குள் கொதித்துத் தவிப்பதற்குக் ‘கலக்கம்’. நல்ல தமிழ் என்று எல்லாரும் பாராட்டினார்கள். எனக்கும் தலைகால் புரியவில்லை.

நான் அபிராமம் பக்கத்துக்காரன். கடலை நான் முதன்முதலில் பார்த்ததே பள்ளிக்கூடச் சுற்றுலாவில். எங்கள் பக்கம் தண்ணீர் என்றால் கண்மாய். மழை பெய்து புதுத்தண்ணீர் வந்தால் செம்மண் கரைத்த நிறத்தில் இருக்கும். அதைக் குடத்தில் பிடித்து, தேத்தாங்கொட்டையை உரசிக் கலக்கி வைத்துவிட்டு, அடியில் மண் படிந்து மேலே தண்ணீர் தெளிகிறவரை காத்திருப்போம். பள்ளிவிட்டு வந்ததும் குடத்துக்குள் எட்டிப் பார்த்து “தெளிஞ்சிருச்சு” என்று கத்துவது என் வேலை. தெளிவு என்பதைவிட நல்ல செய்தி எங்கள் வீட்டில் வேறு கிடையாது. காய்ச்சல் விட்டால் தெளிந்தான் என்போம். குடித்தவன் எழுந்தால் தெளிந்தான் என்போம். பேய் பிடித்தவள் என்று யாரையாவது சொன்னாலும் கடைசியில் அவளும் தெளிந்துதான் ஆக வேண்டும். இந்தச் சொல்லுக்கு இன்னொரு முகம் இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்ற எந்த நியாயமும் இல்லை. நியாயம் இல்லை என்பதைத்தான் இத்தனை ஆண்டுகளாக எனக்கு நானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

படிவத்தில் தாயார் என்று நான் எழுதிய அந்த அம்மா ராமேஸ்வரம் தீவிலிருந்து வருவார். செவ்வாய்க்கிழமை எங்களுக்கு இளவயதினருக்கான நாள். காலை ஏழு மணிப் பேருந்தில் ஏறி, பாம்பன் பாலம் தாண்டி, மகனை ஜன்னலோரத்தில் உட்கார வைத்து, தான் நடைபாதைப் பக்கம் அடைத்து உட்கார்ந்து கொண்டுவந்து சேர்ப்பார். கணவர் நாட்டுப்படகில் வலைக்குப் போகிறவர். ஒருநாளும் மருத்துவமனைக்கு வந்ததில்லை. அந்த அம்மாவுக்கு நண்டு கம்பெனியில் வேலை. வெந்த நண்டை உடைத்துச் சதை எடுக்கிற வேலை. எவ்வளவு சோப்புப் போட்டாலும் கையைவிட்டு அந்த வாடை போகாது. வரிசையில் நிற்கிறவர்கள் ஒதுங்குவார்கள். அவரும் விடமாட்டார். “மீனு திங்கும்போது மட்டும் மூக்கு அடைச்சிக்கிருமோ?” என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்பார். மருந்து கொடுக்கிற ஜன்னலில் ஒருநாள் மாத்திரை இரண்டு குறைந்ததென்று பெரிய சண்டை. டோக்கன் கொடுக்கிற தம்பியிடம் ஒருநாள். என்னிடமே ஒருமுறை, “சார் எழுதுற நேரத்துல பாதி நேரம் நிமிந்து எங்க மூஞ்சியப் பாத்தா என்ன?” என்றார். எங்கள் பிரிவில் எல்லாரும் அவரைக் கண்டதும் ஒருவருக்கொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வோம். வந்துட்டாங்கய்யா என்று. இதைச் சொல்லியே ஆக வேண்டும். ஏனென்றால் நடந்ததில் இதற்கும் பங்கு உண்டு.

மகனுக்குப் பத்தொன்பது வயது. பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தவன். விடுதிச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று ஆரம்பித்தது. பிறகு பேச்சு சுவரைத் தாண்டித் தலைக்குள் வந்தது. வீட்டுக்கு வந்தவன் மூன்று மாதம் குளிக்கவில்லை. ஜெபத்துக்குக் கூட்டிப்போனார்கள், தாயத்துக் கட்டினார்கள், கடைசியில் பங்குச் சாமியார்தான் மருத்துவமனைக்குப் போங்கள் என்று அதட்டி அனுப்பிவைத்தார். மாத்திரை நன்றாக வேலை செய்தது. ஐந்தாறு மாதத்தில் குரல்கள் ஓய்ந்தன. அதற்குப் பிறகுதான் அவன் அழ ஆரம்பித்தான். படிப்பு போனது, உடன் படித்தவர்கள் கப்பல் வேலைக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டது, ஊர்ப் பையன்கள் தனக்கு வைத்திருந்த பட்டப்பெயர் எல்லாம் அவனுக்கு அப்போதுதான் தெரியவந்தன. நோய் குறைந்து நிலைமை புரியத் தொடங்குகிற இந்தக் காலம்தான் இந்தப் பிள்ளைகளுக்கு மிகவும் ஆபத்தானது. நான் படித்திருக்கிறேன். பயிற்சியில் கைதூக்கிப் பதில் சொல்லியும் இருக்கிறேன். அந்த மாதங்களில் அவன் நாற்காலியில் நிலைகொள்ளாமல் காலை ஆட்டிக்கொண்டே இருப்பான், கேட்டால் கண்ணீர் வரும், “எதுக்கு சார் இருக்கணும்?” என்று ஒருநாள் கேட்டான். அப்போதெல்லாம் மிதம் என்றுதான் டிக் போட்டேன். வாராவாரம் வந்தார்கள். நானும் போன் செய்தேன். அந்த வாரங்களில் நான் என் வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காற்று ஓய்ந்த பருவம். மின்விசிறி ஓடியும் அறை புழுங்கிக்கொண்டிருந்தது. வெளியே ஐம்பது பேருக்குமேல் வரிசை. அவன் வந்து உட்கார்ந்தான். சட்டை தேய்த்திருந்தது. தலை வாரியிருந்தது. கால் ஆடவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குக் கொடுத்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. இத்தனை மாத உழைப்புக்குக் கூலி கிடைத்ததுபோல நிமிர்ந்து உட்கார்ந்தேன். படிவத்தை எடுத்து என் சொந்தத் தமிழில் வரிசையாகக் கேட்டேன். தூக்கம்? வருது சார். சாப்பாடு? சாப்பிடுறேன் சார். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வருகிறதா? அந்தக் கேள்வியைத் தனியாக வைத்துக் கேட்க வேண்டும். பெற்றவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் எந்தப் பிள்ளையும் உண்மை சொல்லாது. வரிசையைப் பார்த்தேன், அப்படியே கேட்டுவிட்டேன். அவன் பதில் சொல்லக் கொஞ்சம் தாமதித்தான். “ஏலே, சாரு கேக்குறாருல்ல” என்றார் அம்மா. “இல்ல சார்” என்றான். பிறகு அவனாகவே, “ஒங்களுக்கும் ரொம்பச் சிரமம் குடுத்துட்டேன் சார்” என்றான். மரியாதையான பையன் என்று நினைத்துக்கொண்டேன்.

அவனை மருந்து வாங்க அனுப்பிவிட்டு அந்த அம்மா மட்டும் நின்றார். வழக்கம்போலச் சத்தமாகப் பேசவில்லை. கதவைப் பார்த்துவிட்டு, மேசை மேல் குனிந்து பேசினார். “சார், ஒரு வாரமா புள்ள தெளிஞ்சு கெடக்கான் சார்.” நான் எழுதிக்கொண்டே, “கலக்கம்?” என்றேன். “கலக்கமே இல்ல. அப்புடியே அடி தெரியுது.” நல்லது என்றேன். “தங்கச்சிகிட்ட, என்னைக்கோ அடிச்சானாம், அதுக்கு மன்னிப்புக் கேட்டான். சைக்கிளக் கழுவித் தொடச்சு சித்தப்பா மகனுக்குக் குடுத்துட்டான்.” நல்ல மனசு என்றேன். சொன்னேன், இந்த வாயால்தான் சொன்னேன். அவர் அப்படியே நின்றார். “எனக்கு என்னமோ…” என்று தொடங்கினார். வெளியே யாரோ வரிசையை மீறுகிறார்கள் என்று கூச்சல். எனக்கு எரிச்சல். இன்றைக்கு எதற்குச் சண்டை பிடிக்கப்போகிறாரோ என்ற எரிச்சலும் அதோடு சேர்ந்தது. “அம்மா, பையன் நல்லாயிட்டான். நீங்கதான் இன்னும் பயந்துக்கிட்டே இருக்கீங்க. அடுத்த மாசம் வாங்க” என்றேன். எட்டுச் சொற்களை எழுதினேன். டிக் போட்டேன். அடுத்தவர் உள்ளே வந்துவிட்டார். அந்த அம்மா கதவருகே நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தது எனக்குத் தெரியும். நிமிராமலே தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டார் பூசைக்குப் போயிருந்த நேரத்தில் அவன் தன் உயிரை மாய்த்துக்கொண்டான். எப்படி என்று எழுத மாட்டேன். எப்படி என்று கேட்கத்தான் எல்லாருக்கும் ஆசை. ஏன் ஒருவரும் தடுக்கவில்லை என்று கேட்க ஆள் கிடையாது. திங்கட்கிழமை காலை பங்குச் சாமியார்தான் போனில் சொன்னார். நான் முதலில் செய்தது என்ன தெரியுமா? பீரோவைத் திறந்து கோப்பை எடுத்துப் பார்த்தேன். படிவம் முழுதாக நிரப்பியிருக்கிறதா, தேதி இருக்கிறதா, என் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்தேன். எல்லாம் இருந்தது. ஒரு மூச்சு விட்டேன். அந்த மூச்சுக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். அலுவலகத்தில் போக வேண்டாம் என்றார்கள். சட்டச் சிக்கல் வரும் என்றார்கள். போனேன். கடற்கரையை ஒட்டிய ஓட்டு வீடு. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள். அந்த அம்மா உள்ளே பெண்களுக்கு நடுவில் சுவரில் சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்தார். அவ்வளவு பேசுகிறவர் பேசாமலிருந்ததைத் தாங்க முடியாமல் பத்து நிமிஷத்தில் எழுந்து கடல் பக்கம் போய் நின்றேன். இழுத்துப் போட்ட படகு ஒன்றின் நிழலில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கடல் குளம் மாதிரி கிடந்தது. இடுப்பளவு ஆழத்திலும் அடியிலிருக்கிற பாசியும் சிப்பியும் தனித்தனியாகத் தெரிந்தன. அபிராமத்துக்காரன் அல்லவா, எனக்கு அது அழகாக இருந்தது. எவ்வளவு நல்ல தண்ணீர் என்று என்னை அறியாமலே சொல்லியிருக்கிறேன். அவர்களில் மூத்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நல்ல தண்ணியா? பத்து நாளா தெளிஞ்சு கெடக்கு சார். கலக்கமே இல்ல. வலைக் கண்ணு ஒவ்வொண்ணும் மீனுக்குத் தெரியும், கிட்டக்கூட வராது. தண்ணி தெளிஞ்சா எங்களுக்குப் பாடு இல்ல” என்றார். பாடு என்றால் அவர்கள் பேச்சில் வலையில் விழுகிற மீன். அந்த நாளின் சோறு. மற்றவர் கடலைப் பார்த்துக் காறித் துப்பினார். “இங்கன தெளிவுன்னாலே வயித்துல நெருப்புத்தான் சார்” என்றார்.

படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். தெளிஞ்சு கெடக்கான். கலக்கமே இல்ல. அப்புடியே அடி தெரியுது. அந்த அம்மா கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னது எச்சரிக்கை. அவர் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் புரிகிற எச்சரிக்கை. தவித்துக்கொண்டிருந்தவன் ஏதோ ஒரு முடிவுக்கு வந்துவிட்டால்தான் இப்படி அடங்குவான் என்று எங்கள் புத்தகங்கள் பக்கம் பக்கமாகச் சொல்வதை, ஒரு நண்டு கம்பெனித் தொழிலாளி தன் வீட்டுச் சொற்களில் சொல்லியிருக்கிறார். மன்னிப்புக் கேட்டதையும் சைக்கிளைக் கொடுத்ததையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்திருக்கிறார். நான் கேள்வி கேட்ட அதே இரண்டு சொற்களில் அவர் பதில் சொன்னார். சொல் ஒன்றுதான், என் ஊரில் அது குடிதண்ணீர், அவர் ஊரில் பட்டினி. தெளிஞ்சு கெடக்கான் என்றால் என்ன அர்த்தம் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். தமிழ்தானே, இதில் கேட்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

இதுவரை நடந்தது தவறு. இனிச் சொல்லப்போவதற்குத் தவறு என்று பெயரில்லை. இரண்டு வாரம் கழித்து விசாரணைக்கு மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கோப்பைப் புரட்டினார். முகம் மலர்ந்தது. “பேப்பர் பக்காவா இருக்கு. அம்மா சொன்னதே ரெக்கார்டுல இருக்கே, அப்புறம் என்ன?” என்றார். அந்த அம்மாவை வரவழைத்திருந்தார்கள். கறுப்புச் சேலையில், மேசைக்கு எதிரே, ஒருநாளும் உட்காராதவர் அன்று உட்கார்ந்திருந்தார். அதிகாரி என் எட்டுச் சொற்களைச் சத்தமாக வாசித்தார். “இப்படிச் சொன்னீங்களா?” என்றார். “ஆமாய்யா, சொன்னேன். தெளிஞ்சு கெடக்கான், கலக்கமே இல்லன்னு நாந்தான் சொன்னேன்” என்றார் அம்மா. “நல்லா இருக்கான்னு நீங்களே சொல்லிட்டீங்க. அப்புறம் டிபார்ட்மெண்ட் என்னம்மா பண்ணும்?” அந்த அம்மா குழம்பிப்போய் அவர் முகத்தைப் பார்த்தார். “நல்லாருக்கான்னு சொல்லலய்யா. தெளிஞ்சிட்டான்னுதான்…” “அதத்தாம்மா நானும் சொல்றேன்” என்றார் அதிகாரி. இருவரும் ஒரே சொல்லை மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த அறையில் இரண்டு தமிழும் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அம்மா என் பக்கம் திரும்பினார். சார் சொல்லுங்களேன் என்பதுபோல ஒரு பார்வை. நான் மின்விசிறியைப் பார்த்தேன். என் பதவி உயர்வுக் கோப்பு அப்போது மேலே போயிருந்தது. மகள் எட்டாவது படித்துக்கொண்டிருந்தாள். இவையெல்லாம் அந்த நேரத்தில் மனதில் வந்தன என்று சொன்னால் அது பூசி மெழுகுவது. மனதில் எதுவும் வரவில்லை. வாயைத் திறந்தால் என் தலை போகும் என்பது மட்டும் உடம்புக்குத் தெரிந்தது. அது வாயை மூடிக்கொண்டது. அதிகாரி மஞ்சள் தாளைத் திருப்பி வைத்து, ஓரத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். அந்த அம்மா பேனாவை வாங்கி எழுத்து எழுத்தாகப் போட்டார். எழுந்து போகும்போது, யாரிடமென்று இல்லாமல், “நாந்தான் வெவரமாச் சொல்லாமப் போயிட்டேன் போல” என்றார்.

கோப்பு மூடப்பட்டது. என் தலை தப்பியது. பதவி உயர்வும் வந்தது. படிவத்தைத் தமிழாக்கிய பணியைக் குறிப்பிட்டு ஒரு பாராட்டுச் சான்றிதழ் வேறு. அதை எங்கே மாட்டுவது? இப்போது படிவம் காகிதத்தில் இல்லை, டேப்லெட்டில் வருகிறது. ‘தெளிவு: உண்டு / இல்லை’ என்று விரலால் தொட வேண்டும். அந்த வார்த்தையை மாற்றுங்கள், அல்லது பக்கத்தில் ‘அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதுக’ என்று ஒரு வரி சேருங்கள் என்று எழுதிக் கேட்டேன். எல்லா இடத்திலும் ஒரே படிவம்தான், தனித்தனியாக மாற்ற முடியாது என்று பதில் வந்தது. நான் என் அறையில் மட்டும் மாறியிருக்கிறேன். பிள்ளைகளைத் தனியாக வைத்துத்தான் கேட்கிறேன், நேரடியாகக் கேட்கிறேன். சாகிற எண்ணமா என்று கேட்டால் இல்லாத எண்ணம் வந்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அது பொய். கேட்டதும் பல பிள்ளைகளுக்கு மூச்சு வருகிறது. அதை நான் கண்ணால் பார்க்கிறேன். பெற்றவர்கள் சொல்வதில் எனக்குப் புரிந்த சொல்லைத்தான் முதலில் சந்தேகப்படுகிறேன். கீழக்கரையிலிருந்து மகளைக் கூட்டிவந்த ஒரு தாய், “புள்ள சபுராயிட்டா சார்” என்றார். சபுர் என்றால் பொறுமை, எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டேன்: எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள்? அழுதுகொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னார். அன்றே அந்தப் பெண்ணுக்குப் படுக்கை போட்டோம். இன்று கல்லூரியில் படிக்கிறாள். நல்ல செய்திதான். ஆனால் அதை நான் எந்த வீட்டில் கற்றுக்கொண்டேன் என்பது எனக்குத் தெரியும்.

அந்த வீட்டுக்கு மறுபடி போக எனக்கு மூன்று ஆண்டு ஆயிற்று. போன மாசியில் ஒரு மதியம் தீவுக்குப் பேருந்து ஏறினேன். வீட்டில் இல்லை, கம்பெனியில் என்றார்கள். சாப்பாட்டு நேரம். கம்பெனி வாசலில் வேப்ப மரத்தடியில் பெண்கள் தூக்குவாளியைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மா எழுந்து வந்தார். இளைத்திருந்தார். எலுமிச்சைத் தோலால் விரல்களைத் தேய்த்துக்கொண்டே நின்றார். நான் நின்றபடியே சொன்னேன். நீங்கள் சொன்னது சரி. நான் தப்பாக விளங்கிக்கொண்டேன். உங்கள் கடற்கரையில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். விசாரணை நாளில் எனக்கு அது தெரியும். தெரிந்தும் பேசாமலிருந்தேன். இவ்வளவுதான். பேருந்தில் ஒன்றரை மணி நேரம் கோத்துவைத்திருந்த சமாதானம் ஒன்றும் வாயில் வரவில்லை.

விரல் தேய்ப்பது நின்றது. “அப்ப நான் சரியாத்தான் சொன்னேனா?” என்றார். சரியாகத்தான் சொன்னீர்கள் என்றேன். “மூணு வருசமா எம்புருசன் கேக்குறாரு, நல்லா இருக்கான்னு நீதானடி கையெழுத்துப் போட்டன்னு. என் மகளும் கேட்டுட்டா. நானும் அப்புடித்தான் நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன், நாந்தான் வாயால கொன்னுட்டேன்னு.” குரல் ஏறவில்லை. சண்டை போடுவார் என்று எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். போட்டிருந்தால் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். “பேனா இருக்கா?” என்றார். இருந்தது. பையிலிருந்த குறிப்பேட்டில் ஒரு தாளைக் கிழித்தேன். “எழுதுங்க. அன்னைக்கு எழுதுனீங்கள்ல, அது மாதிரி எழுதுங்க.” முழங்காலில் வைத்து எழுதினேன்: மகன் தெளிந்துவிட்டான் என்று தாயார் சொன்னார், அது எச்சரிக்கை, எனக்குப் புரியவில்லை. வாங்கி, உதடு அசைய, எழுத்துக் கூட்டி வாசித்தார். “சொன்னார்னு போடாதீங்க. பயந்துபோயி சொன்னார்னு போடுங்க.” போட்டேன். “புரியலன்னு இருக்கு. அது அன்னைக்கு. பெறகு புரிஞ்சதையும் போடுங்க.” பிறகு புரிந்தது, விசாரணையில் சொல்லவில்லை என்று எழுதினேன். இன்னொரு முறை வாசித்தார். தாளை என்னிடம் திருப்பி நீட்டி, ஓரத்தைக் காட்டினார். “இங்கன கையெழுத்துப் போடுங்க.”

போட்டேன். அவர் அதை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். நான் வருகிறேன் என்றேன். எதிரியாக இருந்தாலும் வாசலைவிட்டு இறங்குகிறவரிடம் எங்கள் மாவட்டத்தில் யாரும் போங்க என்று மொட்டையாகச் சொல்ல மாட்டார்கள். போயிட்டு வாங்க என்பார்கள். அந்த அம்மா என் முகத்தை நேராகப் பார்த்து, “போங்க” என்றார்.

அதற்குப் பிறகு இழுப்பறையைத் திறந்து இந்த நகலைப் பலமுறை எடுத்துப் பார்த்துவிட்டேன். எட்டுச் சொற்களும் டிக்கும் அப்படியே இருக்கின்றன. மூடிய கோப்பைத் திறக்க வேண்டும், அந்தப் பதிவு தவறு, என்மீது நடவடிக்கை எடுத்தாலும் சரி என்று ஒரு கடிதம் எழுதி அனுப்பியிருக்கிறேன், பதில் இல்லை. என் கையெழுத்துப் போட்ட தாள் அந்த வீட்டில் இருக்கிறது, அதில் உண்மை இருக்கிறது. அந்த அம்மாவின் கையெழுத்து இங்கே, அரசாங்கத்துக் கோப்பில், நான் எழுதிய பொய்க்குப் பக்கத்தில் இருக்கிறது.